நெல்லைச் சீமையில் அரசியல் பதக்கமும் பேட்ஜும்: காலம் கணிப்பது, விலை போடுவது

திருநெல்வேலி டவுண் பாத்திரக் கடைகளிலும், பாளையங்கோட்டை, தூத்துக்குடி பழைய இரும்புக் கடைகளிலும் பதக்கம், பேட்ஜ், வில்லை எல்லாம் பித்தளை எடைக்குத்தான் வந்து விழுகின்றன. வீடு மாறும்போதும், பாகப் பிரிவினை நடக்கும்போதும் பழைய டிரங்குப் பெட்டியோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். எடைக்கு மேல் ஒரு விலை உண்டு என்று சொல்வதற்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: பொருள் எது, எந்த ஆண்டு, யார் யாருக்குக் கொடுத்தது. பெரும்பாலும் இந்த மூன்றையும் பொருளிலிருந்தே படித்துவிடலாம். படிக்காமல் விலை பேச உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் ஏமாறும்.

இந்தப் பக்கம் என்னென்ன கிடைக்கும்

முதலில் ராஜவிசுவாசப் பதக்கங்கள். ஜமீன்கள், தாசில்தார்கள், போலீஸ் அதிகாரிகள், கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் இருந்த வீடுகளில் வரும். அதிகம் காணக்கூடியது 1911 டெல்லி தர்பார் பதக்கம். வெள்ளி, குறுக்களவு 38.5 மி.மீ. முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும், பின்பக்கம் பாரசீக எழுத்து. சுமார் 26,800 வெள்ளிப் பதக்கங்களும் 200 தங்கப் பதக்கங்களும் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு லண்டன் முடிசூட்டு விழாவுக்கு 32 மி.மீ. அளவில் வேறொரு பதக்கம் உண்டு. இரண்டுக்கும் ஒரே ரிப்பன்தான்: கருநீலம், நடுவில் மெல்லிய இரண்டு சிவப்புக் கோடு. ரிப்பனை மட்டும் பார்த்துப் பெயர் சொல்பவர்கள் தவறுவது இங்கேதான். அளந்துவிட்டால் குழப்பம் இல்லை. 1903 தர்பார் பதக்கமும் 38.5 மி.மீ.தான், ஆனால் வெளிர்நீல ரிப்பனில் மூன்று கருநீலக் கோடு. 1935 ஐந்தாம் ஜார்ஜ் ஆட்சி வெள்ளிவிழா, 1937 ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டுப் பதக்கங்கள் இரண்டும் 32 மி.மீ. வெள்ளி. 1877இல் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்தபோது கொடுத்தது 58 மி.மீ., பெரியது; அது எடைக்கடைக்கு வருவது மிக அபூர்வம்.

இவை அரசு கொடுத்தவை. இவற்றோடு பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாயோடு கொடுத்த சிறு பதக்கங்களும், வியாபாரிகள் அடித்து விற்ற நினைவுப் பதக்கங்களும் பித்தளையிலும் ஈயநிற உலோகத்திலும் கிடைக்கும். உலோகத்துக்கு மதிப்பில்லை என்று ஒதுக்க வேண்டாம். ஊர்ப் பெயர் பொறித்த சிறு பதக்கம், பெயர் இல்லாத வெள்ளிப் பதக்கத்தைவிட அரிதாக இருக்க வாய்ப்புண்டு. 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். ஐந்தாம் நாள், ஜூன் 22, முடிசூட்டு விழா. அந்த விழாவுக்காக இந்த ஜில்லாவின் பெயரோடு அடித்த எதுவானாலும் சரித்திரப் பொருள்தான்.

இரண்டாவது, பட்டாளத்து வீடுகளில் வரும் 1947 சுதந்திரப் பதக்கம். வெள்ளி அல்ல, செம்பும் நிக்கலும் கலந்தது. ஒரு பக்கம் அசோகச் சிங்கங்களும் '1947 ஆகஸ்ட் 15' என்ற தேதியும்; மறுபக்கம் கிரீடம் வைத்த சக்கரத்தைச் சுற்றி ஆறாம் ஜார்ஜின் பெயர். விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு இருக்கும். பதக்கம் சாதாரணம், பெயர்தான் விலை. மூன்றாவது, சுதந்திரப் போராட்டப் பொருள்கள்: காங்கிரஸ் தொண்டர் பேட்ஜ், மாநாட்டுப் பிரதிநிதி பேட்ஜ், 1972இல் சுதந்திர வெள்ளிவிழாவையொட்டித் தியாகிகளுக்கு வழங்கிய தாமிரப் பத்திரம். நான்காவது, கட்சி பேட்ஜ்கள். எண்ணிக்கையில் இவைதான் அதிகம். புதிதாகச் சேர்க்க ஆரம்பிப்பவருக்கு எங்கள் பரிந்துரையும் இவைதான்: விலை குறைவு, கள்ளப் பொருள் குறைவு, படிக்க வேண்டிய தகவல் அதிகம்.

சின்னமும் எழுத்தும் சொல்லும் காலம்

கட்சி பேட்ஜில் ஆண்டு இருக்காது. சின்னம் இருக்கும், அது போதும். இரட்டைக் காளை என்றால் 1952 தேர்தலிலிருந்து 1969 பிளவு வரைக்குமான காங்கிரஸ். பிளவுக்குப் பிறகு 1971இல் காமராஜர் இருந்த ஸ்தாபன காங்கிரசுக்கு ராட்டை நூற்கும் பெண். இந்திரா காங்கிரசுக்குப் பசுவும் கன்றும். கை வந்தது 1978இல். ஆகவே காமராஜர் படமும் காளையும் சேர்ந்தது ஒரு காலம், காமராஜர் படமும் ராட்டைப் பெண்ணும் சேர்ந்தது இன்னொரு காலம். பின்னது குறுகிய காலத்துப் பொருள். காமராஜர் 1975 அக்டோபர் 2இல் காலமானார்; அவர் படத்தோடு கை சின்னம் இருந்தால் அது பிற்காலத்து நினைவு பேட்ஜ் என்று தனியே வையுங்கள்.

தி.மு.க. தொடங்கியது 1949, தேர்தலில் முதலில் நின்றது 1957. அதற்கு முன் உதயசூரியன் அந்தக் கட்சியின் தேர்தல் சின்னமாக இல்லை. '1949 தொடக்க விழா பேட்ஜ்' என்று உதயசூரியனோடு வருவதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அ.தி.மு.க. தொடங்கியது 1972 அக்டோபர்; இரட்டை இலை வந்தது 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில். கட்சியின் பெயரில் 'அனைத்திந்திய' சேர்ந்தது 1976இல். ஆக, 'அ.தி.மு.க.' என்று மட்டும் எழுதி இலை இல்லாமல் அண்ணா உருவத்தோடு இருக்கும் பேட்ஜ் மிக ஆரம்பத்தது என்று எண்ண இடமுண்டு. 1989 தேர்தலில் இலை முடக்கப்பட்டு ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. அடுத்த மாதமே அணிகள் இணைந்து இலை திரும்பியது. சேவல் பேட்ஜும் புறா பேட்ஜும் சில வாரங்களுக்கு மட்டும் அடித்தவை. கண்ணில் பட்டால் விடக்கூடாத பொருள் இது. 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்காக வந்த தொப்பியும் மின்கம்பமும் அதே வகைதான்; இன்றைக்கு யாரும் மதிக்கவில்லை, அதனாலேயே இப்போது எடுத்து வைக்கலாம்.

நட்சத்திரம் சுதந்திராக் கட்சி, 1959 முதல் 1974 வரை. தராசு நீதிக்கட்சி, ஆனால் வியாபாரிகள் சங்கத்துக்கும் தராசு உண்டு, வக்கீல் சங்கத்துக்கும் உண்டு. எழுத்து இல்லாத தராசு பேட்ஜுக்கு நீதிக்கட்சி விலை கொடுக்கக் கூடாது.

அடுத்து எழுத்து. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய நான்கிலும் கொம்பு எழுத்தோடு ஒட்டிச் சுழியும். ணா, றா, னா மூன்றும் காலைப் பிரிக்காமல் எழுதப்படும். பேட்ஜில் வரக்கூடிய 'அண்ணா', 'சென்னை', 'நெல்லை', 'தலைவர்' எல்லாவற்றிலும் இந்த எழுத்துகள் இருப்பது நம் அதிர்ஷ்டம். பழைய வடிவம் இருந்தால் 1978க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது, பழைய அச்சை வைத்துச் சில ஆண்டு ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் 1940களின் காங்கிரஸ் பேட்ஜ் என்று சொல்லிப் புதிய 'லை' இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. பெரியார் பத்திரிகைகள் மட்டும் 1935லிருந்தே புதிய வடிவத்தை எழுதின. திராவிடர் கழகப் பொருளுக்கு இந்தச் சோதனை செல்லாது.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்', 'சிதம்பரனார் மாவட்டம்' என்றால் தூத்துக்குடி பிரிந்த 1986க்கும் பெயர்களை எடுத்த 1997க்கும் இடைப்பட்டது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பருக்குப் பிறகு. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி. ஆனால் கட்சிகள் அந்தப் பெயரை அதற்கு வெகுமுன்பே பயன்படுத்தின, அதை வைத்துக் காலம் போடக் கூடாது. பின்பக்கம் செய்தவர் முகவரி இருந்தால் புதையல் மாதிரி. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது; 'சென்னை-1' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முன். நன்கொடை வில்லையில் தொகை அணாவில் இருந்தால் நயா பைசா வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தியது, அல்லது அதையொட்டிய ஓரிரு ஆண்டு.

பின்பக்க ஊசியையும் பாருங்கள். பழைய பித்தளை பேட்ஜில் ஊசியும் கொக்கியும் ஈயப்பற்று வைத்து ஒட்டியிருக்கும். முள்ளின் மேல் அழுத்தி மாட்டும் பட்டாம்பூச்சி கிளிப் இருந்தால் அது 1930களின் பேட்ஜ் ஆகாது.

அளப்பதும் நிறுப்பதும்

நான்கு கருவி போதும்: 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு, 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு சிறு காந்தம். வெர்னியரின் இரும்பு வாய் வெள்ளியைக் கீறும், ஆகவே மெல்லிய தாளை இடையில் வைத்து அளந்து தாளின் கனத்தைக் கழியுங்கள். ஒரே இடத்தில் அளக்காமல் விளிம்பைச் சுற்றி நான்கு இடத்தில் அளப்பது முக்கியம். அச்சில் அடித்த பதக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவு காட்டும். ஓரிடத்தில் மட்டும் குறைந்தால் விளிம்பில் இருந்த பெயரை யாரோ அராவி எடுத்திருக்கிறார்கள். மொத்தமாகவே அளவு குறைந்து, 38.5 வர வேண்டிய இடத்தில் 37.8 என்று நின்றால் வார்ப்புப் போலி: அசலை வைத்து அச்செடுத்து ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். லென்ஸில் பார்த்தால் உருவமும் எழுத்தும் இல்லாத சமதளத்தில் ஊசிக்குத்து போன்ற குழிகள், எழுத்தின் ஓரம் மழுங்கல், விளிம்பில் அராவிய கோடு தெரியும்.

வெள்ளியா என்று பார்க்க உரைகல்லில் உரசக் கொடுக்காதீர்கள். உரசிய தடம் நிரந்தரம். நகைக்கடை டச் மெஷின் கீறாது, ஆனால் மேல்தோலை மட்டுமே படிக்கும். முலாம் பூசியதும் வெள்ளி என்றே காட்டும். அடர்த்திச் சோதனை ஏமாற்றாது. ஒரு டம்ளர் காய்ச்சி வடித்த நீரைத் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். பொருளை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்கிப் பிடியுங்கள். காற்றில் நிறுத்த எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. பழகிப் பார்க்க ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் எடுத்துக்கொள்ளுங்கள்: எடை 11.66 கிராம், நீரில் காட்டுவது 1.13, விடை 10.3. அது வெள்ளி. செம்பு-நிக்கல் என்றால் 8.9 அருகில், பித்தளை 8.4 முதல் 8.7, வெள்ளீயம் 7.3. நூல் தடிப்பாக இருந்தாலும், குமிழி ஒட்டியிருந்தாலும் விடை குறையும். குமிழியைத் தூரிகையால் தட்டிவிட்டு மூன்று முறை நிறுங்கள். ரிப்பன் உள்ளது, எனாமல் விரிசல் உள்ளது, செல்லுலாய்டு, உள்ளே வெற்றிடமுள்ள தகட்டு பேட்ஜ் ஆகியவற்றை நீரில் முக்கக் கூடாது.

காந்தம் ஒட்டினால் இரும்பு என்று முடிவு கட்ட வேண்டாம். நிக்கலும் ஒட்டும், 1964 நேரு நினைவு ரூபாய் நிக்கல்தான்.

ரிப்பனுக்கு ஒரு யு.வி. டார்ச். பழைய பட்டு மங்கலாக இருக்கும்; நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் பிற்காலத்து நூல், அல்லது சோப்புத்தூளில் துவைத்த பழைய ரிப்பன். இரண்டையும் பிரிக்க நூலின் நெசவை லென்ஸில் பாருங்கள். அதே டார்ச் எனாமலில் ஒட்டுப்போட்டதையும் காட்டும்: அசல் எனாமல் கண்ணாடி, ஊசி முனை இறங்காது, நகப்பூச்சோ எபாக்சியோ என்றால் இறங்கும்.

கள்ளப் பொருள்

ராமர் பட்டாபிஷேகம், ஆஞ்சநேயர் உருவத்தோடு 'கிழக்கிந்தியக் கம்பெனி', 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்ட செப்புக் காசுகள் கம்பெனி அடித்தவை அல்ல. இந்தியா முழுமைக்கும் அணாக் கணக்கில் ஒரே மாதிரியான காசைக் கம்பெனி அடித்தது 1835 சட்டத்துக்குப் பிறகுதான். சென்னையில் அது அடித்த வராகன் காசில் சாமி உருவம் உண்டு, ஆனால் அது இந்த வகை அல்ல. இவை பிற்காலத்தில் பக்திக்கும் விற்பனைக்குமாகச் செய்த வில்லைகள். இதை வைத்துக்கொண்டு 'அரிசியை இழுக்கும்', 'இருடியம் கலந்தது', 'கோடிக்கணக்கில் வெளிநாட்டுக்காரர் வாங்குவார்' என்று பேசுகிறவர்களிடம் ஒரு ரூபாய் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். இரும்புத்தூள் ஏற்றிய அரிசியும் மறைத்த காந்தமும்தான் அந்த வித்தை. தென்மாவட்டங்களில் வீடு, நிலம் விற்றுக் கொடுத்து அழிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நேதாஜி பொருள்களிலும் கவனம் வேண்டும். ஆசாத் ஹிந்த் பதக்கங்கள் 1942இல் ஜெர்மனியில் நிறுவப்பட்டு வியன்னாவில் செய்யப்பட்டவை. பின்னால் வந்த நகல்கள் ஏராளம். ஆசாத் ஹிந்த் 'நாணயம்' என்று சந்தையில் வருவது எல்லாமே கற்பனைப் பொருள் என்று எடுத்துக்கொண்டால் நஷ்டம் வராது. மலேயா, பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தின் கையிலிருந்து, கடிதம், ஓய்வூதிய ஆணை இவற்றோடு வந்தால் மட்டும் மேலே பேசலாம்.

துலக்காதீர்கள்

நம் வீடுகளில் பொருளைக் கெடுப்பது திருடன் அல்ல, புளி. சரஸ்வதி பூஜைக்குக் குத்துவிளக்கோடு பதக்கத்தையும் புளி போட்டுத் துலக்கி, வெள்ளியை விபூதியால் தேய்த்துவிடுகிறார்கள். புளியின் அமிலம் நூறாண்டாகப் படிந்த மேற்படிவைத் தின்னும், விபூதி நுண்ணிய கீறல்களைப் போடும். முகத்தின் கன்னமேடு, கிரீடத்தின் முத்துகள் முதலில் போகும். எக்ஸ்.எஃப். (தேய்மானம் மிகக் குறைவு) என்று தரம் சொல்லவேண்டியதை, அதற்கு அடுத்த படியான வி.எஃப். என்றுகூடச் சொல்லாமல் 'கிளீன்ட்' (துலக்கியது) என்று எழுதிவிடுவார்கள். விலை அங்கேயே பாதியாகும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் ஒற்றி, உடனே உலர்த்துங்கள். அதோடு சரி.

வெளிர்பச்சைத் தூள் பூத்துக் குழி விழுந்தால் அது அழுக்கு அல்ல, வெண்கல நோய். குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து அரிக்கிறது. தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரிக் கரையோரத்துப் பொருளுக்கு அடிக்கடி வரும். அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள். காய்ச்சி வடித்த நீரில் போட்டு தினம் நீரை மாற்றி வாரக்கணக்கில் உப்பை இறக்கி, முழுக்க உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல்லின் நிறம் மாறுவதைக் கவனித்து, வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போட வேண்டும்.

பி.வி.சி. பையில் வைத்தால் இரண்டு மூன்று கோடையில் பச்சைப் பிசின் இறங்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறை வாங்குங்கள். ரப்பர் பேண்டிலும் செய்தித்தாளிலும் கந்தகம் உண்டு, வெள்ளி கறுக்கும். செல்லுலாய்டு பேட்ஜ் பழையதாகும்போது அமிலப் புகை விடும். அதை உலோகப் பதக்கங்களோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது, இறுக்கமாக மூடவும் கூடாது.

விலை போடும் வரிசை

முதலில் அடிவிலை, அதாவது உலோகம். 1939 வரை அடித்த வெள்ளி ரூபாய்க் காசுக்கு 11.66 × 0.917 = 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்ததில் வெள்ளி பாதியாகக் குறைந்ததால் 5.83 கிராம்தான். பதக்கத்துக்கும் இதே கணக்கு. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கி வரும் தொகைக்குக் கீழே யாரும் விற்க வேண்டியதில்லை. பித்தளை பேட்ஜுக்கு அடிவிலை சில ரூபாய்தான், அதை மறந்துவிடலாம்.

இரண்டாவது, ஒப்பு விலை. இணையத்தில் 'இவ்வளவுக்கு விற்கிறேன்' என்று போட்டிருப்பது விலை அல்ல, ஆசை. மும்பை, பெங்களூரு, அகமதாபாத் ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்த தொகையைப் பட்டியலோடு வெளியிடுகின்றன. அதே வகை, அதே தரம், முடிந்த மூன்று விற்பனையாவது எடுங்கள். ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டும் கமிஷனும் ஜி.எஸ்.டி.யும், விற்பவருக்குப் பிடிக்கும் கமிஷனும் உண்டு. கைக்கு வருவதும் கையை விட்டுப் போவதும் வேறு வேறு தொகை.

மூன்றாவது, கூட்டலும் கழித்தலும். அசல் ரிப்பன், அசல் பெட்டி, கொடுத்த கடிதம் எல்லாம் கூட்டும். காசுமாலைக்காகக் காது வைத்து ஒட்டியது, துளை போட்டது, காதை எடுத்து மெழுகியது எல்லாம் பெரிதாகக் கழிக்கும். விளிம்பின் உச்சியில் பற்று வடு இருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள். 1911 தர்பார் பதக்கம் பெயரில்லாமல்தான் வழங்கப்பட்டது, ஆகவே அதில் பெயர் வெட்டியிருந்தால் பெற்றவர் பின்னால் வெட்டிக்கொண்டது. அந்தப் பெயரை ஜில்லா கெசட்டிலோ குடும்பக் காகிதத்திலோ நிரூபித்தால் விலை ஏறும், நிரூபிக்காவிட்டால் ஏறாது. 1947 பதக்கத்தில் நிலைமை தலைகீழ்: பெயர் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் கூட்டுவது வரலாற்றுச் சீட்டு. வாங்கிய அன்றே எழுத வேண்டும்: தேதி, ஊர், யார் வீட்டுப் பொருள், அவர்கள் சொன்னது சொன்ன வார்த்தையிலேயே, எடை, அளவு, இருபுறப் புகைப்படம். கல்லிடைக்குறிச்சியிலோ வீரவநல்லூரிலோ ஒரு ஆச்சி, "தாத்தா உப்பு சத்தியாக்கிரகத்துக்குப் போனப்ப குத்திக்கிட்டது" என்று சொன்னால் அதை நீங்கள் திருத்தி 'உப்பு சத்தியாக்கிரக பேட்ஜ், 1930' என்று எழுதக் கூடாது. அவர் சொன்னது ஒரு வரி, உங்கள் கணிப்பு தனியாக இன்னொரு வரி. தாமிரப் பத்திரம் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: அதைக் குடும்பத்திடமிருந்து விலைக்குக் கேட்காதீர்கள். படம் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். விற்றே ஆக வேண்டிய நிலை என்றால் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

சட்டம்

நூறு ஆண்டு கடந்த பதக்கமும் காசும் 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள்தான். 1903, 1911 பதக்கங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. வைத்திருப்பது குற்றமல்ல. வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தாத்தா பதக்கத்தை பார்சல் போடுவதும் இதில் அடங்கும். நூறாண்டு ஆகாததை அனுப்புவதானால் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை அதே துறையில் முன்கூட்டி வாங்க வேண்டும். தாமிரபரணி மணலிலோ குளம் தூர்வாரும்போதோ புதைந்து கிடைத்தது பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் என்றால் 1878 புதையல் சட்டம் பொருந்தும்: கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படிப்பட்ட பொருளை விற்க வருபவரிடம் எழுத்துச் சீட்டு கேளுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் விற்பவர் பெயர், கையெழுத்து, தேதி போட்ட ஒரு சாதாரணக் காகிதம் போதும். ஏல நிறுவனம் பொருளை ஏற்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.